தங்கையனுக்கு மீசை உண்டா?

“மீசை வைக்கலன்னா இந்தச் சிலையே வேணாம்மா” என்றார் சிவபாலன், கோட்டுச்சேரிமேட்டின் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்.

வெண்மதி பல்லைக் கடித்துக்கொண்டு களிமண்ணைப் பிசைந்தாள். அவள் தன் பெயரில் எடுத்த முதல் சிலை இது. நாளை அச்சு எடுக்காவிட்டால் விடுதலை நாளுக்குச் சிலை நிற்காது. அப்புறம் எந்த ஊரும் அவளைக் கூப்பிடாது.

தங்கையன், பிரெஞ்சுக்காரன் காலத்தில் போராட்டக்காரர்களின் துண்டறிக்கைகளைப் படகில் கடத்திய மீனவர். இருட்டில் வந்து இருட்டில் போனவர். விடுதலைக்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனால் அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் தொல்லை.

“மீசையாவது ஒண்ணாவது. மழுமழுன்னு மொட்டைத் தலைண்ணே அவரு” என்றாள் பூங்கொடி, மீன்கூடையை இறக்கி வைத்தபடி.

“உனக்கு யாரு சொன்னா?”

“எங்கம்மாவுக்கு எங்க அம்மாச்சி சொல்லிக் கொடுத்தது. தப்பாவுமா?”

“எங்கப்பாவுக்கும் எங்க தாத்தா சொல்லிக் கொடுத்ததுதான். கத்தை மீசை, கன்னத்துல மரு.”

வலை பின்னிக்கொண்டிருந்த பூமிநாதன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “எங்க வீட்டுல ஒத்தைக் கண்ணுன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க.”

வெண்மதி மறுபடியும் முகத்தை வழித்தெடுத்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார் குஞ்சம்மா, தங்கையனின் ஒரே மகள். சென்னையில் மகன் வீட்டில் இருந்தவர், சிலை என்றதும் கிளம்பி வந்துவிட்டார்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்க அப்பாவுக்கு மீசை உண்டா?”

குஞ்சம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு வெண்மதி எதிரில் உட்கார்ந்தார். “மீசையும் இல்ல, மொட்டையும் இல்ல. அப்பாவை உரிச்சு வச்ச மாதிரி இருக்கேன்னு எங்கம்மா சொல்லும். என்னையப் பாத்துச் செய்யி தாயி.”

வெண்மதிக்கு உயிர் வந்தது. சிவபாலனுக்கு முகம் தொங்கிவிட்டது.

“அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாரா அத்தை?”

“ஊரே சொல்லிச்சுப்பா” என்று சிரித்தார் குஞ்சம்மா. “போலீசு வந்து பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுத்து, அப்பா பாக்க எப்படி இருப்பாருன்னு கேப்பான். அதுக்காக வீட்டுக்கு ஒரு முகத்தைச் சொல்லிக் கொடுத்து வச்சிருந்தாங்க. நீங்க பாருங்க, இன்னைக்கு வரைக்கும் அவரைக் காட்டிக் கொடுக்கல.”