அப்பா சொல்றார்

"ஏங்க, அப்பா சொல்றார். தம்பிக்கு வழி விடணுமாம்."

ஹெல்மெட்டுக்குள் மனைவியின் குரல் கேட்டதும் அவன் பல்லைக் கடித்தான். ரேஸ் முடிய இன்னும் மூன்றே சுற்று. முன்னால் ஒரு கார்கூட இல்லை. பின்னால், கண்ணாடி நிறைய மைத்துனனின் கார்.

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்தான்."

"இது இந்த வருஷத்துக் கடைசி ரேஸ்னு உங்கப்பாவுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம இருக்குமா? வளைவு வருது, பார்த்து."

டீம் மாமனாருடையது. அவர் பட்டறையில் உருவான இரண்டு கார்கள். ஒன்றில் மகன், மற்றதில் மருமகன். அடுத்த வருடம் ஒரே ஒரு காருக்குத்தான் ஸ்பான்சர். அதில் உட்காரப் போவது யார் என்பது இன்று தெரிந்துவிடும்.

டயர் மாற்றுகிறவர் முதல் கேட் வாட்ச்மேன் வரை எல்லாரும் அவனை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெயித்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்னவோ. அதற்குத்தான் வழியே இல்லையே.

மாமனாருக்கு இன்ஜின் சத்தத்திலேயே பாதிக் காது போயாச்சு. ஹெட்போன் போட்டால் தலை வலிக்கும். டிராக் ஓரத்து வேலியில் சாய்ந்து, கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். ரேடியோ மேசையில் உட்கார்ந்திருப்பது மகள். ஒரு பட்டனை அழுத்தினால் புருஷன், இன்னொன்றை அழுத்தினால் தம்பி. ஒரு காருக்குச் சொல்வது மற்றதற்குக் கேட்காது. மாமனாரின் திருவாக்கு அவள் வாய் வழியாகத்தான் வரும்.

வருடம் முழுக்க வந்த திருவாக்கு ஒன்றே ஒன்றுதான். வழி விடு.

விட்டான். மழையில் விட்டான், வெயிலில் விட்டான். மைத்துனனின் பிறந்தநாளன்றும் விட்டான். அன்றைக்கு அதைப் பரிசு என்று நினைத்துக்கொண்டான். மாமனார் பேச்சை எப்படித் தட்டுவது? பெண்ணையும் கொடுத்து, காரையும் கொடுத்த மகராசன். ஜெயிக்க அனுமதி கொடுக்கத்தான் மறந்துவிட்டார். 'ஏன் மாமா இப்படி?' என்று நேரில் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை.

"என்ன யோசனை? அவன் பக்கத்துல வந்துட்டான். இடிச்சுக்கப் போறீங்க!"

"ஏன், அவன் காருக்கு பிரேக் வெக்கலையா?"

ரேடியோவில் பட்டன் மாறும் சத்தம் 'க்ளிக்' என்று கேட்டது. பிறகு மறுபடியும் அதே குரல், கொஞ்சம் நடுங்கி.

"ஏங்க, ப்ளீஸ். அப்பா சொல்றார்."

நேர்ப்பாதையில் கார் வேலியைத் தாண்டியபோது அவனே பார்த்தான். மாமனார் பாதி உடம்பு வேலிக்கு வெளியே தொங்க, கையைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. பெற்ற பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்பதில் மனுஷனுக்கு என்ன ஒரு பதற்றம்!

அடுத்த வளைவில் அவன் காரை ஓரம் கட்டினான். மைத்துனன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்தான். நல்ல பையன். மரியாதை தெரிந்தவன்.

"விட்டாச்சு. உங்கப்பாவுக்குத் திருப்தியா?"

அவள் விட்ட பெருமூச்சு ரேடியோவில் துல்லியமாகக் கேட்டது.

ஷெட்டுக்குத் திரும்பும்போது அவன் மனம் ஓரளவு தேறியிருந்தது. சொன்னதையெல்லாம் கேட்டாயிற்று. இவ்வளவு அடக்கமான மனுஷனுக்கு அடுத்த வருடக் காரைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

மைத்துனன் கோப்பையை டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷம் இவனே ஓட்டட்டும். தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை."

"மாமா?"

"உங்ககிட்ட வேகம் இருக்கு. இவனைவிடவே ஜாஸ்தி. ஆனா எவனாவது பக்கத்துல வந்துட்டா உடனே ஒதுங்கிடறீங்க. வருஷம் பூரா பார்த்துட்டேன். அவ்வளவு பயம் இந்தத் தொழிலுக்கு ஆகாது."

பயமா! வருடம் முழுக்க விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது. அரைக் காதிலும் விழும்படி கத்தினான்.

"வழி விடச் சொன்னதே நீங்கதானே!"

"நானா?" மாமனார் திகைத்துப்போனார். "விடாதீங்க, போங்க போங்கன்னு கை கழண்டு விழற மாதிரி ஆட்டினேனே!"

இருவர் தலையும் ஒரே நேரத்தில் ரேடியோ மேசைப் பக்கம் திரும்பியது. அவள் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுற்றி வைத்த ஒயர்தான்.

"ஒரு கார்ல புருஷன், இன்னொரு கார்ல தம்பி" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "இடிச்சுக்கிட்டா நான் யார்கிட்ட முதல்ல ஓடறது? நான் பயப்படறேன்னு சொன்னா யார் கேப்பீங்க? அதான் அப்பா சொல்றார்னு சொன்னேன்."

"அதுக்காக? எனக்கு மட்டும் சொல்லுவியா?"

மைத்துனனுக்கு சோடா புரையேறியது. மார்பைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"எனக்கும்தான் சொன்னா அத்தான், ஒவ்வொரு ரேஸ்லயும்! 'அப்பா சொல்றார், அத்தானுக்கு வழி விடு'ன்னு. நான் என்னிக்கு அப்பா பேச்சைக் கேட்டிருக்கேன்?"