பதினோரு தப்பும் ஒரு வெற்றுத் தாளும்

“எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்” என்று வெற்றுத் தாளை அப்படியே நீட்டினார் கவுஸ் பாஷா.

ஷஹீன் பானுவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக விமானத்துக்கு நட்டு முடுக்குகிற மனுஷன். ஒரு தப்புகூடவா பண்ணியிருக்க மாட்டார்?

வேலூருக்கு வெளியே, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சின்னப் பள்ளி அது. அங்கே பழுது பார்க்கும் பன்னிரண்டு பேருக்கு அன்று ஒருநாள் வகுப்பு. மனுஷன் எதனால் தப்பு பண்ணுகிறான், அதை எப்படித் தடுப்பது என்பதுதான் பாடம். நடத்த வந்தவள் ஷஹீன் பானு.

வகுப்பு முடிவில் ஆளுக்கு ஒரு தாள். சொந்தத் தப்பு ஒன்றை எழுதித் தரணும். எழுதாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவர் நாளையிலிருந்து விமானத்தின் பக்கமே போகக் கூடாது.

“மத்த பதினோரு பேரும் எழுதிட்டாங்க பாய்.”

எழுதினதோடு விட்டார்களா? அன்று முழுக்க அங்கே நடந்தது, யார் தப்பு பெரிசு என்கிற ஏலம்.

“தப்பைச் சொன்னா தண்டனை கிடையாது” என்று காலையில் அவள் சொன்னபோது எல்லாரும் சுவரைத்தான் பார்த்தார்கள். டீ குடித்துவிட்டு வந்ததும் கோவிந்தசாமி எழுந்தார்.

“பழைய மேனேஜர் இருந்திருந்தா சொன்ன வாயை மூடறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. இப்ப சொல்றேன். ஒருநாள் இன்ஜினுக்குள்ள ஸ்பேனரை வச்சு மூடிட்டேன். வீட்ல ரெண்டாவது தோசையிலதான் ஞாபகம் வந்துது. காலையில அடிச்சுப் புடிச்சு ஓடி வந்து பார்த்தா, ஸ்பேனரு, சாமான் மாட்டற போர்டுல அதும் எடத்துல சமத்தா தொங்குது.”

“இதெல்லாம் ஒரு தப்பாண்ணே?” என்றான் அஃப்ரோஸ். “நான் சக்கரத்துக்குக் காத்து அடிக்காமலே அடிச்சேன்னு கையெழுத்து போட்டேன். மறுநாள் வந்து பார்த்தா டயரு பூரி மாதிரி உப்பி நிக்குது.”

“நவுருங்கப்பா” என்று அமிர்தவள்ளி முன்னால் வந்தாள். “மத்தியானம் சாப்ட்டு என் டிபன் டப்பாவை விமானத்தோட வால் பக்கம் வச்சு மூடிட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஏழு தபா பறந்துது. இங்க படிக்கிற பசங்களவிட என் புளிசோறு ஜாஸ்தி பறந்திருக்கு மேடம். மறுநாள் வர்றேன், டப்பாவைக் கழுவி ஜன்னல்ல கவுத்து வச்சிருக்கு.”

ஷஹீன் பானுவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “யாருங்க கழுவினது?”

“இங்க ஒரு ஜின் இருக்கு மேடம்” என்றான் அஃப்ரோஸ்.

“இன்னா ஜின்னு? முனீஸ்வரன்பா அது. விமானம் நிறுத்தற கொட்டகைக்குப் பின்னாலதான இருக்காரு” என்றார் கோவிந்தசாமி.

“முனீஸ்வரன் எங்கயாவது டப்பா கழுவுவாரா?” என்றாள் அமிர்தவள்ளி.

பிரியாணிக்குப் பிறகு ஏலம் இன்னும் சூடு பிடித்தது. இறக்கையைத் தலைகீழாய் மாட்டிவிட்டேன் என்று ஒருவர் கிளம்ப, விமானத்துக்கே பொறுக்காது என்று மற்றவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இத்தனைக்கும் கவுஸ் பாஷா மட்டும் உதட்டைப் பிரிக்கவில்லை.

“பாய் முன்னாடி ஆம்பூர்ல ஷூ கம்பெனியில இருந்தவரு மேடம்” என்று அஃப்ரோஸ்தான் வம்புக்கு இழுத்தான். “அங்க தையல் மிஷின்ல ஊசி உடைஞ்சா, எல்லாத் துண்டும் கெடைக்கிற வரைக்கும் வேற ஊசி தரமாட்டாங்க. தேடித் தேடியே பாய் தப்பு பண்ண மறந்துட்டாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். பாய் கொட்டாவி விட்டார்.

இப்போது வகுப்பில் அவரும் ஷஹீன் பானுவும்தான். மற்றவர்கள் வெளியே கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“தப்பே பண்ணலன்னு சொல்றவங்களப் பார்த்தாதான் எனக்கு பயம் பாய்.”

“பண்ணலன்னு நான் சொல்லலையே. எழுதினா மத்தவங்களும் அதுல மாட்டுவாங்களேன்னு பார்க்கறேன்.”

ஓஹோ, பழியை அடுத்தவர் தலையில் போடுகிற ஆளா? இந்த மாதிரி ஆட்களை அவள் எத்தனை ஊரில் பார்த்திருக்கிறாள். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

“மத்தவங்களப் பத்தி நான் கேக்கல. உங்க தப்பை மட்டும் எழுதுங்க. இல்லன்னா ‘தேர்ச்சி இல்லை’ன்னு போட்டுடுவேன். நாளைக்கு நீங்க கொட்டகைக்குள்ள கால் வைக்க முடியாது.”

“நாளைக்குக் காலையிலயே வரக் கூடாதா மேடம்?” முதல் தடவையாக அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது. “அது பேஜாராச்சே.”

“அப்ப எழுதுங்க.”

“யாருக்கும் வேலை போகாதே?”

“போகாது. புது மேனேஜர் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காரு.”

வெளியே மாதனூர் போகிற கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. “பாய், வர்றீயா, போவட்டா?” என்று கோவிந்தசாமியின் குரல் கேட்டது. கவுஸ் பாஷா மேஜையில் குனிந்து நாலு வரி எழுதினார். தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார். திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

யார் யாரைக் கோர்த்துவிட்டிருக்கிறாரோ என்று ஷஹீன் பானு தாளைப் பிரித்தாள். ஒரு பேர்கூட இல்லை.

“தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்து, இவங்க செஞ்சு வச்ச தப்பையெல்லாம் நானே சரி பண்ணிட்டேன். வேலை போய்டுமேன்னு யார்கிட்டயும் சொல்லல, அவங்ககிட்டகூட. இப்ப பதினோரு பேருக்கும் பயமே விட்டுப்போச்சு. அது என் தப்பு.”