கையின் வேகம்

“கையை மெல்ல அசைச்சா மெல்லக் கேட்கணும். சுளீர்னு வீசினா சுளீர்னு கேட்கணும். உங்க பெட்டி ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஊளையிடுது சார்!”

வாத்தியப் பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. மேலே நீட்டியிருக்கும் கம்பிக்கு முன்னால், தொடாமல் காற்றில் கையை அசைத்தாலே பாடுகிற பெட்டி அது. இதுவரை நாற்பது செய்து விற்றிருக்கிறார். ஒருவரும் ஊளை என்று சொன்னதில்லை. இந்தக் கணவனும் மனைவியும் மட்டும் நாலாவது முறையாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“கை கிட்ட வந்தா சத்தம் கூடும், விலகினா குறையும். அவ்வளவுதான் சார் இது. வேகத்தையும் அது கண்டுபிடிக்கணும்னா எப்படி?”

“எப்படியாவது பண்ணுங்க. நாலு மணிக்கு ஒருத்தர் கேட்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடறோம். இனிமே ஆசைப்பட எங்களுக்குத் தெம்பில்லை.”

“யாரு, கச்சேரி ஏற்பாடு பண்றவரா?”

“அதைவிடக் கறாரான ஆளு” என்று கணவன் சிரித்தான்.

மனைவியும் சிரித்ததோடு சரி. நாலு முறை வந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பட்டறைக்காரர் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தார். ஒலி வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று ஆசை ஆசையாகச் சேர்த்திருந்த பாகத்தை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கழற்றினார். கை வரும் வேகத்துக்கே சத்தமும் எழும்படி இணைப்பை மாற்றிப் பற்றவைத்தார்.

“இப்ப வாசிங்கம்மா.”

அவள் கையைத் தூக்கினாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. படபடவென்று நாலு துண்டு. ஓர் அதட்டல். அப்புறம் மூச்சை அடக்கினால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு ஒரு கொஞ்சல்.

பட்டறைக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை. இது நான் செய்த பெட்டிதானா என்று குனிந்து பார்த்தார்.

“அற்புதம்மா! வெட்டு வெட்டா வர்றது மட்டும்தான் இடிக்குது. அதைக் கொஞ்சம் இழைச்சு விட்டா...”

அவள் பதறித் தலையை ஆட்டினாள்.

“ஐயோ, அதுல மட்டும் கையை வச்சுடாதீங்க!” என்றான் கணவன்.

சரியாக நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. மனைவியின் தங்கை இறங்கி, நாலு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கைபிடித்து அழைத்துவந்து கதவோரம் நிறுத்தினாள்.

“இவங்கதானா அந்தக் கறாரான ஆளு?” பட்டறைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி கம்பிக்கு முன்னால் கையைத் தூக்கினாள். பெட்டியிலிருந்து மெதுவாக இரண்டு துண்டு ஒலி, பிறகு நீளமாக ஒன்று.

சிறுமி கதவைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டாள். “அப்பா, யாரு அது?”

கணவன் சிறுமியின் பக்கம் திரும்பினான். “அம்மாடா செல்லம். வாய்தான் பேச வராது, கை பேசும். இத்தனை நாளா உன் கையில தட்டித் தடவிப் பேசினாளே, இப்ப அதே மாதிரி தூரத்துல நின்னு உன் பேரைச் சொல்றா.”

கண் தெரியாத அந்தக் குழந்தை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மா கூப்பிட்டது காதில் விழ, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அந்தக் குரலை நோக்கி ஓடியது.