சுத்தமான நெய்

பேராசிரியர் வன்னியபெருமாள் இரண்டு நெய்ப் புட்டிகளையும் முகர்ந்து பார்த்தார். துறைமுகத்தைப் பார்த்த ஆய்வக ஜன்னலில், அவை தொண்ணூறு நாள் வெயிலில் இருந்தவை. ஒன்றில் மட்டும், நெய் கெடாமல் காக்கிறதா என்று பார்க்க, தேரிக்காட்டு ஆவாரையின் சாறு கலந்திருந்தது. சாறு கலக்காத நெய் இந்நேரம் காறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் மாணவி அருணாசலவடிவின் ஆராய்ச்சி இன்றோடு நிறுத்தப்படும்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான் மணக்கு.”

“சோதிச்சும் பாத்துருங்க சார்.”

அவரே சோதித்தார். இரண்டு நெய்யும் கெடவில்லை.

“சாறு இல்லாமலே நெய் நல்லாருக்கு. பிறகு ஒன் ஆவாரை எதுக்கும்மா?” அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“மூணு வருச வேல சார்.”

“கடைக்காரன் நெய்யில எதையும் கலந்துட்டானோ?”

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “இல்ல சார். அந்தப் பயத்துலதான் வெண்ணெய் வாங்கி இங்கனயே உருக்க வச்சேன். சுத்தமான நெய்.”

ஆராய்ச்சியை நிறுத்தும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார்.

குடுவை கழுவிக்கொண்டிருந்த ஆய்வகப் பணியாளர் சந்தனமாரிக்குப் பொறுக்கவில்லை.

“நெய்ய ஏன் சார் சந்தேகப்படுதிய? நாந்தான் உருக்குனேன். வருசமானாலும் காறாது.”

“அப்படி என்ன செஞ்ச?”

“இது என்ன கேள்வி? இறக்குதப்ப ரெண்டு கொத்து முருங்க எல போட்டேன். அது போடாம ஊர்ல யாரு நெய் உருக்குதாவ?”

வன்னியபெருமாள் தாளை இரண்டாகக் கிழித்தார்.

“வெண்ணெய் வாங்கிட்டு வாம்மா வடிவு. இந்தத் தடவ நீயே உருக்கு.”