முழங்கால் உயர அலை

"இதுல ஏறி அவளால எந்திரிச்சு நிக்க முடியாதுதானே?"

கேட்டவன் புருஷன். சுவரில் மாட்டியிருந்த அலைச்சறுக்குப் பலகைகளில் இருப்பதிலேயே சின்னதைக் காட்டித்தான் கேட்டான். மனைவி வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரிக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு நேரே கடல், முழங்காலுக்கு மேல் எழும்பவே மாட்டேன் என்று சோம்பிக் கிடந்தது. இந்த மாதிரி சோப்ளாங்கி அலைக்கு நீளமும் அகலமுமாகக் கொஞ்சம் தடித்த பலகைதான் ஆளைத் தாங்கி அலையோடு சேர்த்துவிடும். சின்னது பாதி தண்ணீரில் அமுங்கிக் கிடக்க, அலை அதன் பாட்டுக்குக் கடந்து போய்விடும். இதையெல்லாம் அவனிடம் பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள்.

"அப்ப அந்தச் சின்னதுதான் வேணும்" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "வெளிய சொன்னா அவளுக்குப் பிடிக்காது. விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்படிப்பட்ட புருஷன்மார்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். நாலு தடவை தொப்பென்று விழுந்தால் ஆசை தானாக விட்டுப்போகும் என்று கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டி வைத்தாள்.

காரை நிழலில் நிறுத்த அவன் போனதும் மனைவி உள்ளே வந்தாள். கடைக்காரி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, இருப்பதிலேயே பெரிய பலகையை இழுத்து அவள் முன்னால் நிறுத்தினாள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையால் விளிம்பை நுனியிலிருந்து அடிவரை மெல்லத் தடவினாள். "வேணாங்க. சின்னதே குடுங்க" என்றாள். குரல் நடுங்கியது. கை மட்டும் பலகையை விட்டு எடுபடவில்லை.

புருஷனுக்கு இவ்வளவு பயமா என்று கடைக்காரிக்கு மனசு பொறுக்கவில்லை. அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி, பலகையைக் கையில் திணித்துப் பின்வாசல் வழியாக அனுப்பியேவிட்டாள்.

திரும்பி வந்தவன், சின்னப் பலகை இன்னும் சுவரிலேயே இருப்பதைப் பார்த்தான். பிறகு, பெரிய பலகையோடு அவள் இறங்கியிருந்த கடலைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது. மணலில் இறங்கி ஓடினான். அடித்துவிடப் போகிறானோ என்று கடைக்காரியும் பின்னாலேயே ஓடினாள்.

அதற்குள் ஒரு குட்டி அலை பலகையைத் தூக்கிவிட்டது. மனைவி எழுந்தாள். கொஞ்சமும் தடுமாறாமல், நின்றது நின்றபடி கரைவரை வந்தாள். கடைக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பலகை மணலைத் தொட்டதும் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். புருஷன் பாய்ந்துபோய் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் அவள் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினான். கடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவரைத் தப்பா நினைக்காதீங்க" என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "முதுகுத்தண்டுல கம்பி வெச்சிருக்காங்க. நிக்கிற மாதிரி போர்டு கெடச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சின்னதைக் கேளுங்கன்னு அவரை உள்ள அனுப்பினதே நான்தான்."