ஒரு விரல்

அம்மா ஒரு விரலைத்தான் தூக்கினாள்.

ஐந்து விரல் என்றால் மிகுந்த பெருமை. ஒன்று என்றால் துளியும் இல்லை. பல்கலைக்கழகத்துப் பெண் டேனிஷில் கேட்டதை மகள்தான் தமிழில் சொன்னாள். தன் வாயாலேயே சொன்னாள்.

உங்கள் மகளை நினைத்து உங்களுக்கு எவ்வளவு பெருமை?

ஒரு விரல்.

மாற்றிச் சொல்வதில் அவள் கெட்டிக்காரி. டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அம்மாவின் கோபத்தையெல்லாம் மரியாதையாக்கிச் சொல்லிப் பழகியவள்.

விரலை எப்படி மாற்றிச் சொல்வது?

அந்தப் பெண் மடியிலிருந்த திரையைத் தொட்டாள். பிற தேசத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறார்கள் என்று அளக்க வந்தவள். நல்லவள்தான். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றியவள்.

அம்மா தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளி. கூட்டாளிகளின் பிறந்தநாளுக்குப் போகாமல் விட்டது. எல்லாம் இந்த ஒரு விரலுக்கா?

அடுத்த கேள்வி மகளுக்கு. உன் பெற்றோரின் பண்பாடு எவ்வளவு தூரம் உன்னுடையது?

பதினைந்து வயது. அவளைக் கோபிக்காதீர்கள்.

அவளும் ஒரு விரலைத் தூக்கினாள். அம்மாவுக்குத் தெரியும்படி தூக்கினாள்.

அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள்.

அதுதான் இன்னும் சுட்டது.

திரையை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெண் விடைபெற்றாள். கதவு சாத்தியதும் அம்மா குசினிக்குள் ஓடினாள். செத்தல் மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள்.

"உன்னட்டை என்ன கேட்டவவோ தெரியாது. நல்ல காலம், நீயும் குறைச்சுத்தான் காட்டினனி. பிறத்தியாருக்கு முன்னால அஞ்சையும் விரிச்சுக் காட்டியிருந்தா, என்ர குஞ்சுக்கு நாவூறெல்லோ பட்டிருக்கும்."



யாரும் சொல்லாமலே மகள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். புகை பட்டால் அலறுகிற கருவி கூரையில் இருந்தது. அதன் பேட்டரியைக் கழற்றினாள். இறங்கிவந்து கிழக்குப் பார்த்து நின்றாள்.

பொத்திய கை அவள் தலையைச் சுற்றி வந்தது. பிறகு முகத்துக்கு நேரே விரிந்தது. வழக்கம்போல மகள் அதில் துப்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்களும் அவள் பைக்குள் இருந்தன.

அடுப்பில் மிளகாய் கருகியது.

"பார், நெடியே இல்லை," என்றாள் அம்மா. "அவ்வளவு கண் பட்டிருக்கு."

மகள் கண்ணைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.