இளைய மகளின் வலைப்பூ

அப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார்.

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் அவள் பார்த்தாள்.

"என் இளைய மகள் வலைப்பூ தொடங்கியிருக்கிறாள். சொந்தங்கள் அனைவரும் படிக்கவும்." கீழே இணைப்பு.

தனக்கு ஒரே மகள் என்றுதான் அவர் இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ பழைய ஞாபகத்தில் கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தப்பு அவளுடையதுதான்.

கல்லூரி வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு வலைப்பூ ஆரம்பிக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். முதல் பதிவை எழுதி, வீட்டில் ஒருவருக்காவது அனுப்பி, அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் காட்டினால்தான் மதிப்பெண். மற்றவர்கள் கேன்டீன் பஜ்ஜியைப் பற்றி எழுதினார்கள். பஸ் பாஸ் பற்றி எழுதினார்கள். இவள் எழுத உட்கார்ந்ததும் அக்காதான் வந்தாள். நிறுத்த முடியவில்லை.

அனுப்புவதற்கு அப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். அப்பா எதையும் படிக்க மாட்டார். பப்பாளி இலைச் சாறு, காலை வணக்கம், காணாமல் போன குழந்தை, எது வந்தாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவார்.

தள்ளிவிடுவார் என்பதைத்தான் மறந்து தொலைத்தாள்.

அக்கா பெயர் தேன்மொழி. வேறு சாதிப் பையனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். அன்றைக்கே அப்பா கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து தலைமுழுகினார். பெரியப்பா பக்கத்தில் நின்று குடம் குடமாக ஊற்றினார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அதோடு அந்தப் பெயர் வீட்டில் புழங்குவது நின்றது.

போன ஆவணியில், பிரசவத்தில், அக்கா நிஜமாகவே செத்துப்போனாள்.

வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. தலைமுழுகினவளுக்கு எதற்கு இன்னொரு சாவு என்று பெரியப்பா கேட்டார். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் குழுவில் தங்கத்தின் விலையை அனுப்பினார்.

இதைத்தான் எழுதியிருந்தாள். ஒன்றையும் விடவில்லை.

அந்தக் குழுவில் என்ன போட்டாலும் கும்பிடும் கைகளும் ரோஜாக்களும் வந்து கொட்டும். இன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. வலைப்பூவைத் திறந்து பார்த்தாள். பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அழித்துவிடலாம். ஒரு தடவை தொட்டால் போதும். பெரியப்பா இன்னும் பார்க்காமல்கூட இருக்கலாம். அவர் கண்ணில் பட்டுவிட்டால், இனி எந்தக் கல்யாண வீட்டில் அப்பா நிமிர்ந்து உட்காருவார்? ஊருக்குப் பயந்தே காலத்தை ஓட்டிய மனிதர்.

ஆனால் அழித்தால் அக்கா போய்விடுவாள்.

இந்த வீட்டில் எல்லோரும் ஒரு தடவை அவளை அழித்தாயிற்று.

விரல் அங்கேயே நின்றது. நிறுத்தம் வந்துவிட்டது.

வீட்டில் அப்பா நாற்காலியில் இருந்தார். விளக்குப் போடவில்லை. போன் மடியில் கிடந்தது.

"நீ எழுதுனத வாசி பாப்பா. உன் வாயால கேக்கணும்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. படிக்கவில்லை. வழக்கம்போலத்தான்.

போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தாள். எங்கள் கல்லூரி கேன்டீனில் ஒரு பூனை இருக்கிறது. அதற்கு நாங்கள் பால் வைப்போம். வாயில் வந்ததையெல்லாம் கோத்துக்கொண்டே போனாள். பூனை நிறைமாதமாக இருந்தது என்று எப்படியோ சொல்லிவிட்டாள். அதற்கு மேல் கதையை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. அவ்வளவுதான்ப்பா என்று முடித்தாள்.

அப்பா கடைசிவரை கேட்டார். கோபிக்கவில்லை.

"அன்னிக்கு நான் வேலைக்குப் போகல பாப்பா."

அவள் போனைக் கீழே இறக்கினாள். எல்லாவற்றையும் படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்.

"சட்டைய மாட்டிட்டுப் போனேன்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வாசல்ல நம்ம ஆளுங்க யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன். அதையும் எழுதிரு. நம்ம சொந்தங்களுக்கு அதையும் அனுப்பணும்."

அவள் அழுதாள். அவர் மேல் இருந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் அங்கே போனது இந்த நிமிஷம்வரை அவளுக்கும் தெரியாது. முகத்தில் அப்படி ஓர் ஆசை இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

"எம் புள்ள முகத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார்.